பேசின் பிரிட்ஜில் ஒரு உரச் சாக்கு

மேற்கிலிருந்து சென்ட்ரலுக்கு வருகிற எந்த எக்ஸ்பிரஸிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பெரம்பூர் தாண்டியதும் மேல் பலகையிலிருந்து பெட்டிகள் இறங்கும். சீட்டுக்கு அடியில் செருப்பு தேடுவார்கள். "பேசின் பிரிட்ஜ் வந்தாச்சு" என்று ஒரு குரல் கேட்டதும் பெட்டி மொத்தமும் எழுந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். அப்போது பார்த்து வண்டி நின்றுவிடும். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், சில நாள் அரைமணி. பக்கத்து யார்டில் யாரோ ஒரு ரயிலைக் குழாய் வைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். சென்னைக்குள் வந்தாயிற்று, ஆனால் இறங்க முடியாது.

இத்தனை வருஷத்தில் நான் பேசின் பிரிட்ஜில் நின்றிருக்கிறேனே தவிர இறங்கியது கிடையாது. மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை இறங்கினேன். காரணம், பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த சித்தப்பா.

எண்ணூரில் கட்டிக்கொடுத்த மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்க்கக் கிளம்பினார். கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு, வண்டலூரில் மின்ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கினார். தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை, இன்னொரு கையில் டி.ஏ.பி. உரச் சாக்கு. ஐம்பது கிலோ சாக்கைப் பாதியாக மடித்து, ஓரத்தைச் சணலால் தைத்து, கைப்பிடி வைத்திருந்தார்கள். நம் ஊர்களில் ரேஷன் கடையிலிருந்து கல்யாண வீடு வரை போய்வருகிற பை இதுதான்.

"உரத்தை எதுக்கு சித்தப்பா மெட்ராசுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?"

"உரம் எங்கப்பா? பஞ்சு. பாப்பாவுக்கு மெத்தை தைக்க. ஒன் சித்தி மூணு நாளா ஒக்காந்து கையாலயே கொட்டை எடுத்தா. வழியில ஒரு போலீஸ்காரரு, உள்ள என்னன்னு கேட்டாரு. பஞ்சுன்னேன். நம்பல. கையை விட்டுப் பாத்துட்டு அவருக்கே சிரிப்பு வந்துருச்சு."

மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி நின்றது. ஏறி உட்கார்ந்ததும் அவர் கேட்டது, "பின்னி மில்லு இந்தப் பக்கந்தான? எங்கப்பாரு சொல்லும். பட்டாளத்துக் காக்கித் துணியெல்லாம் அங்க நெய்ததுதானாம். நாம்பளும் நாப்பது வருஷமா பருத்தி போடறோம், அது போற எடத்த ஒரு தடவைகூடப் பாக்கல."

மில் இப்போது இல்லை என்று சொன்னேன். இல்லாவிட்டால் என்ன, இருந்த இடம் இருக்குமே என்றார். முதல் நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டோம்.

பேசின் பிரிட்ஜ் நிலையம் நாலைந்து திசைக்குப் போகிற தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு திட்டு மாதிரி இருக்கிறது. மேற்கே வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர். வடக்கே கொருக்குப்பேட்டை. பக்கத்தில் எரிவாயுச் சுழலி மின்நிலையம்: 30 மெகாவாட்டில் நான்கு எந்திரங்கள், 1996-ல் வந்தவை. அதற்கு முன்பு 1907 முதல் நிலக்கரியில் ஓடிய மின்நிலையம் இங்கே இருந்தது. பாலத்துக்கடியில் கறுப்பாக நிற்கிற தண்ணீர் பக்கிங்காம் கால்வாய். படகுகள் உப்பும் விறகும் ஏற்றிவந்து ஒதுங்கிய நீர்த்தேக்கம்தான் பெயரில் உள்ள 'பேசின்'. உப்பு போயிற்று, படகு போயிற்று, பெயரை மட்டும் ரயில்வே எடுத்து வைத்துக்கொண்டது.

கால்வாயின் வடபகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எண்ணூர் வரை வெட்டியது. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டை 1877-78-ல் வெட்டினார்கள். தாது வருஷப் பஞ்சம். சோறில்லாமல் வந்தவர்களைக் கால்வாய் வெட்டவிட்டு, நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் கூலியாக அளந்தது சர்க்கார். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. பஞ்சத்தின் முதல் ஆண்டான 1876-ல் பெரம்பூரில் பின்னி கம்பெனி தொடங்கிய பஞ்சாலைக்கும் அவர் பெயர்தான். பஞ்சத்துக்கும் பஞ்சுக்கும் ஒரே பெயர்ப்பலகை. 1881-ல் கர்நாட்டிக் மில் வந்தது, 1920-ல் இரண்டும் இணைந்து பி அண்டு சி ஆயிற்று. ஊர் வாயில் பின்னி மில்.

புளியந்தோப்பு நெடுஞ்சாலை வழியாக ஆட்டோ பட்டாளத்துப் பக்கம் திரும்பி நின்றது. எதிரே வானத்தை மறைத்துக்கொண்டு அடுக்குமாடிகள். சித்தப்பா கழுத்தை நிமிர்த்தி மாடிகளை எண்ணப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

"இதுல எங்கப்பா மில்லு?"

1996-ல் மூடியது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் சினிமாக்காரர்கள் சண்டைக்காட்சி எடுத்தார்கள். இப்போது வீடுகள். இந்தத் தெருக்களில்தான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முன்னின்றவர்கள் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு. 1921-ல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம், துப்பாக்கிச்சூடு, புளியந்தோப்பில் கலவரம். இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் காதில் விழுந்தது வேறொன்று.

வெள்ளைக்காரன் மில்லுக்கே வெள்ளைக்கார சர்க்கார் வரி போட்ட கதை. இந்திய மில் துணி மலிவாக வந்தால் லங்காஷயர் துணி விற்காது என்று, 1896-ல் இங்கே எந்திரத்தில் நெய்கிற துணிக்கு மூன்றரை சதவீதம் கலால் விதித்தார்கள். முப்பது ஆண்டு நீடித்து 1926-ல்தான் எடுத்தார்கள். பருத்தி போடுகிறவன் இங்கே, மில் இங்கே, வாங்கி உடுத்துகிறவன் இங்கே. சலுகை மட்டும் மான்செஸ்டருக்கு.

"அப்பவேவா?" என்றார் சித்தப்பா. அந்த 'வே'யில் ஏகப்பட்ட விஷயம் இருந்தது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் கணக்கு வெளியே வந்தது. ரெண்டு ஏக்கர் மானாவாரிக் கரிசல். பருத்தி எடுக்கக் கிலோவுக்கு 13 ரூபாய் கூலி, அதுவும் ஆள் கிடைத்தால். விதை 475 கிராம் பாக்கெட். அரசு கட்டிவைத்த உச்ச விலை 2025-26-க்கு 901 ரூபாய். வியாபாரி வண்டியோடு வாசலுக்கே வருவார், அவர் தராசு, அவர் விலை. சாக்குக்கு இத்தனை கிலோ கழிவு, ஈரத்துக்கு இத்தனை. "இந்த வருஷம் கிலோ அறுபத்தஞ்சுக்குப் போச்சு. கவர்மெண்டு எவ்வளவு வச்சிருக்குன்னு பேப்பர்ல போட்டுருந்தான்?"

நடுத்தர இழைக்குக் குவிண்டால் 7,710, நீள இழைக்கு 8,110. அதாவது கிலோ 77 ரூபாய், 81 ரூபாய். அவர் வாய்க்குள்ளேயே கழித்துப் பார்த்துவிட்டு டீயை ஊதினார்.

பத்திரிகைகளில் பருத்தி விவசாயிக்கு மானியம் என்று வாசிக்கும்போது, ஏதோ மணியார்டர் வருகிற மாதிரி ஒரு சித்திரம் நமக்கு. குறைந்தபட்ச ஆதார விலை அப்படிப்பட்டதல்ல. சந்தை விலை அதற்குக் கீழே இறங்கினால், 1970-ல் தொடங்கிய இந்தியப் பருத்திக் கழகம் அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும். வாங்கி விற்றதில் விழுகிற நட்டத்தை மத்திய அரசு ஈடுகட்டும். பணம் ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்குக்குப் போகும். பருத்தியில் ஈரம் எட்டு சதவீதம் இருக்கலாம். அதற்கு மேல் பன்னிரண்டு வரை விலையைக் குறைப்பார்கள், அதையும் தாண்டினால் திருப்பி அனுப்புவார்கள். 2024-25 பருவத்தில் அப்படி வாங்கியது சுமார் 100 லட்சம் பொதி. பெரும்பங்கு தெலங்கானா, பிறகு மகாராஷ்டிரம், குஜராத். பருத்தி குவிகிற இடத்தில்தானே தராசைக் கட்டுவார்கள். தமிழ்நாட்டின் நிலைமை தலைகீழ். நாட்டின் நூற்புக் கதிர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இங்கே சுற்றுகிறது, விளைகிற பருத்தியோ அந்த மில்களுக்குச் சில வாரத் தீனிக்குக் காணாது. ஆகவே இங்கே அரசியல் செய்கிற பருத்தி எப்போதும் மில்காரரின் பருத்திதான். டெல்டாவில் நெல்லறுத்த தாளடியில் பருத்தி போட்டவர்கள் 2022-ல் குவிண்டால் 12,000 வரை பார்த்தார்கள். அடுத்த ஆண்டே விலை பாதியாக விழுந்து, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் வாசலில் சாலை மறியல்.

"இதைக் கேளுங்க" என்று போன ஆண்டுக் கதையைச் சொன்னேன். 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பருத்திக்கு 11 சதவீத வரி வந்தது. 2025 ஆகஸ்ட் 19-ல் அதை விலக்கினார்கள். முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். அமெரிக்கா நம் துணிமணிக்கு 50 சதவீத வரி போட்ட நேரம் அது. திருப்பூருக்கு மூச்சு முட்டியது, மில்லுக்கு மலிவுப் பஞ்சு தேவைப்பட்டது. மில்காரர்கள் கேட்டது நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. திருப்பூரில் தையல் மெஷின் நின்றால் முதலில் பட்டினி கிடப்பது பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் போன பெண்கள்தான்.

"டிசம்பர் வரைக்குமா? நாம எடுப்பு ஆரம்பிக்கறதே தைக்குத்தான். அதுக்குள்ள மில்லுக்காரன் கொடவுனு ரொம்பியிருக்குமே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. வடை ஆறிப்போயிருந்தது.

மறுபடி பேசின் பிரிட்ஜுக்கு வந்து வண்டி பிடித்தோம். மத்தியான நேரம், கூட்டமில்லை. சாக்கை ஜன்னலோரம் நிறுத்திவைத்து, விழாமல் முழங்காலால் அணைத்துக்கொண்டார். அப்போதுதான் அதன் முகம் எனக்கு நேராக வந்தது. பெரிய எழுத்தில் 'பாரத்'. கீழே டி.ஏ.பி., பிரதமர் பெயரில் உள்ள திட்டத்தின் நீளமான இந்திப் பெயர். தயாரித்த கம்பெனியின் பெயர் அடியில், சின்னதாக. 2022 அக்டோபரிலிருந்து எந்தக் கம்பெனி உரமானாலும் சாக்கு இந்த ஒரே மாதிரிதான். ஒரு மூலையில் உரத் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தைத்த இடத்தில் ஒரு நூல் பஞ்சு எட்டிப்பார்த்தது.

கொருக்குப்பேட்டை. இடப்புறமும் வலப்புறமும் சரக்குப் பெட்டிகள். பேச்சில் நான் அமெரிக்காவுக்குப் போனேன்.

அங்கே பருத்தி விவசாயிகள் சுமார் 25,000 பேர். நம் நாட்டில் அறுபது லட்சம் குடும்பம் என்பார்கள். 2001-02-ல் உலக விலை அடிமட்டத்துக்கு விழுந்தபோது, அந்த 25,000 பேருக்காக வாஷிங்டன் செலவழித்தது 300 கோடி டாலருக்கு மேல். விலை விழ விழக் காசோலை பெரிதாகும் ஏற்பாடு. ஆகவே அவர்கள் விதைப்பதை நிறுத்தவில்லை, உலக விலையும் எழவில்லை. அடி வாங்கியது ஆப்பிரிக்காவில் பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி நாட்டுக் குடியானவர்கள். 2003-ல் அந்த நான்கு நாடும் உலக வர்த்தக அமைப்பில் போய் முறையிட்டன. பிரேசில் அதற்கு முந்தைய ஆண்டே வழக்குப் போட்டிருந்தது. 2005-ல் மேல்முறையீட்டிலும் பிரேசிலுக்கே தீர்ப்பு.

அந்த வழக்கில் 'இரண்டாம் படி' என்று ஒரு மானியம் வெளிச்சத்துக்கு வந்தது. உள்நாட்டுப் பருத்தியை வாங்குகிற அமெரிக்க மில்லுக்கும் அதை வெளிநாட்டுக்கு அனுப்புகிற வியாபாரிக்கும் அரசு கொடுத்த பணம் அது. விவசாயி பெயரில் ஓடிய திட்டத்தில் ஒரு வாய்க்கால் நேராக மில்லுக்குப் போயிருக்கிறது. 2006-ல் அதை மூடினார்கள். மற்றதை மூட மனமில்லை. 2010-ல் ஒரு சமரசம்: பிரேசில் பழிவாங்கும் வரி போடாமலிருக்க, ஆண்டுக்கு 14.73 கோடி டாலரை அமெரிக்காவே பிரேசில் பருத்திக்காரர்களுக்குக் கொடுக்கும். 2014-ல் 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள்.

சித்தப்பா இதை இரண்டு முறை சொல்லச் சொன்னார். "இரு, இரு. தன் ஊர்க்காரனுக்குக் குடுக்கறத நிறுத்தாம இருக்க, எதிர் ஊர்க்காரனுக்கும் குடுத்தானா?"

"ஆமாம்."

"பரவால்லையே" என்றார். அதில் கிண்டலைவிடப் பொறாமைதான் தூக்கலாக இருந்தது. "கேஸ் போட்டது யாரு, பிரேசில் கவர்மெண்டா? சரி."

அதே அமெரிக்கா 2018 நவம்பரில் இந்தியாவின் மேல் புகார் கொடுத்தது: பருத்திக்கு ஆதார விலை என்ற பெயரில் அனுமதித்த பத்து சதவீதத்தைப் பலமடங்கு தாண்டிவிட்டீர்கள் என்று. இதில் கணக்கு வேடிக்கையானது. இன்றைய ஆதார விலையை 1986-88-ல் இருந்த உலக விலையோடு ஒப்பிட்டு, வித்தியாசம் முழுவதையும் மானியம் என்று எழுதுவார்கள். அந்தக் கணக்குப்படி கிலோ அறுபத்தஞ்சுக்குப் பருத்தி விற்ற சித்தப்பாவும் அளவுக்கு மீறிச் சலுகை பெற்றவர்தான். இதை அவரிடம் சொல்லவில்லை.

தண்டையார்பேட்டை தாண்டி, வ.உ.சி. நகர் தாண்டி, திருவொற்றியூர். காலடிப்பேட்டை இந்த ஊரில்தான். கம்பெனியின் கவர்னர் ஜோசப் காலெட் 1717-லிருந்து 1720 வரை இருந்த காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை. காலெட் பேட்டை நாளடைவில் காலடிப் பேட்டையாயிற்று. கம்பெனிக்குத் துணி வேண்டும், தறிக்காரர்களுக்கு இடமும் கோயிலும். மானியம் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்துப் பொருள் நிலம்தான்: கோயில் மானியம், தச்சன் மானியம், வண்ணான் மானியம். ஆளுக்கு எழுதிக் கொடுத்தால் அவன் கையில் மண் இருக்கும். இன்றைய மானியம் ரசீதில் இருக்கிறது.

இதை நான் கவிதையாகச் சொல்லவில்லை. உரக்கடையில் விரல் வைக்கிற கையடக்க எந்திரத்தில் நிஜமாகவே ரசீது வருகிறது. சித்தப்பா இடுப்புப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார், மை பாதி அழிந்துபோனது. டி.ஏ.பி. ஒரு மூட்டை 1,350 ரூபாய் அவர் கொடுத்தது. அரசு கொடுப்பது தனி வரியில். சில பருவங்களில் அவர் கொடுப்பதைவிட அது கூடுதல். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதன் அடக்கம் அவருக்கு விற்கிற விலையைப்போலப் பலமடங்கு. 2018 முதல் நாடெங்கும் இந்த முறை. பெயர் 'நேரடி மானியப் பரிமாற்றம்'. விவசாயி விரல் வைக்கிறார், பணம் நேரடியாகக் கம்பெனிக்குப் போகிறது. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

தொகையையும் சொல்லிவிடுகிறேன். பிரதமரின் கிசான் திட்டத்தில் விவசாயி வங்கிக் கணக்குக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. நாடு முழுவதற்கும் அதன் செலவு ஆண்டுக்குச் சுமார் 60,000 கோடி. 2022-23-ல் உர மானியம் மட்டும் இரண்டரை லட்சம் கோடி. உரத்துக்குக் கொடுப்பது வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் ரெண்டு ஏக்கர்க்காரர் அடியுரமே வைக்க முடியாது. ஆனால் அந்த மானியத்துக்கு முகவரி கேட்டால் பெரம்பலூர்ப் பக்கத்துக் குன்னத்தையோ ஆலத்தூரையோ சொல்ல முடியாது. விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அந்தப் பக்கம் மணலி என்றுதான் சொல்ல வேண்டும். 1966-ல் உருவான சென்னை உரத் தொழிற்சாலை மணலியில் யூரியா செய்கிறது. எண்ணூர்க் கடலோரத்திலும் உர ஆலை.

எண்ணூரில் இறங்கியதும் சித்தப்பா மூக்கைச் சுளித்தார். கடல் வாசனை, கரி வாசனை, இன்னும் ஏதோ. "நம்ம உரக்கடைக்குள்ள நொழஞ்சாப்புல இருக்கு."

தங்கை வீடு கடற்கரையிலிருந்து ரெண்டு தெரு உள்ளே. மொட்டைமாடியில் நின்றால் ஆலையின் புகைபோக்கி தெரியும். ஆலைக்கு வேண்டிய அமோனியா கப்பலில் வந்து, கடலுக்கடியில் போட்ட குழாய் வழியாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்கு முன்பு அந்தக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் சனம் கண்ணெரிந்து, இருமிக்கொண்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடினார்கள். தங்கை அப்போது கல்யாணமாகி வந்த புதிது. கட்டின புடவையோடு, ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே குழந்தையின் முகத்தில் உட்கார்ந்த கொசுவை விசிறினாள்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த அமோனியாதான் டி.ஏ.பி.யா?" என்றார் கடைசியில்.

"ஆமாம். டி.ஏ.பி. அதிலிருந்துதான். யூரியாவும்."

"ம்."

சாக்கின் சணலைப் பல்லால் கடித்து அறுத்தார். உள்ளே பழைய வேட்டி. வேட்டிக்குள் பஞ்சு, அமுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சை அவிழ்த்ததும் மூச்சு விட்டது மாதிரி எழும்பி, பாய் நிறையப் பரவியது. கொஞ்சம் மங்கின வெள்ளை. ஒரு கை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினார். "பாரு, எவ்வளவு நீட்டு வருது. இத நடுத்தரம்பான் அந்த வியாபாரி."

"வேட்டிக்குள்ள கட்டினது நல்லதாப் போச்சுப்பா" என்று தங்கை குனிந்து மோந்து பார்த்தாள். "ஆனாலும் ரெண்டு நாள் வெயில்ல போட்டுட்டுத்தான் தைக்கணும்."

"இங்க வெயில்ல போட்டா கரித்தூசி ஒக்காருமே?"

"மேல துணி கட்டிப் போடறேன்."

சித்தி மூன்று நாள் உட்கார்ந்து எடுத்தும் தப்பிய கொட்டைகள் இருந்தன. சித்தப்பா பஞ்சைத் தடவித் தடவி, விரலில் கடினமாகத் தட்டுப்பட்டதையெல்லாம் பிய்த்து எடுத்து ஒரு தம்ளர் மூடியில் போட்டார். பதினோரு கொட்டை. தங்கையின் மாமியார் எட்டிப் பார்த்து, தொட்டியில் ஊன்றி வைத்தால் முளைக்குமா என்று கேட்டார்.

"மொளைக்கும்மா. ஆனா கம்பெனி வெதையோட குட்டி. தாயி மாதிரி காய்க்காது. பூவு வேணா அழகா இருக்கும், மஞ்சளாப் பூத்து மறுநா செவக்கும்" என்றார். பிறகு சாக்கைத் தலைகீழாக உதறி, நாலாக மடித்து, மஞ்சள் பைக்குள் சொருகினார். திரும்பப் போகையில் எதையாவது போட்டு எடுத்துப்போக வேண்டுமே.